ஆசார மாவு

மாவு மில்லுக்குப் போகிறவர்கள் பாத்திரத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "முன்னாடி என்ன ஓடுச்சு?" ஒருவருடைய தானியம் அரைந்து முடிந்த பிறகும் மிஷினின் வயிற்றிலும் மாவு இறங்கும் துணிக்குழாயிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். அது அடுத்தவர் மாவோடு சேர்ந்துதான் வெளியே வரும். பச்சரிசிக்குப் பின்னால் கோதுமை நிற்கலாம். கோதுமைக்குப் பின்னால் கேழ்வரகு நிற்கலாம். கம்புக்குப் பின்னால் பச்சரிசி மட்டும் நிற்கக் கூடாது. மிளகாய்க்கு வேறு மிஷின், வேறு மூலை, வேறு தும்மல். வேங்கிக்கால் அதிகாரி வீட்டுக் கோதுமையானாலும் அடி அண்ணாமலைக் கிராமத்துக் கம்பானாலும், சந்திரகலாவின் மில்லில் இதுதான் சட்டம்.

இந்தக் கேள்வியைக் கேட்பது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்த ஒரே மனிதர் சாம்பமூர்த்தி.

அவர் பூஜை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்; பூஜை செய்ததில்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஆசாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதுவரை அது எங்கே இருந்தது என்பது மனைவி ஹைமவதிக்குத் தெரிந்திருக்கலாம், அவள் சொல்லவில்லை. சாம்பமூர்த்தி தெருவில் ஓர் ஆசார ரக்ஷண சபாவை ஆரம்பித்தார். தலைவர், செயலாளர் எல்லாம் அவரே. மறுத்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் உறுப்பினர்கள்.

ஆடி முதல் வெள்ளியன்று, மாவிளக்குக்கான அரிசியை அரைத்து வர அவரே மில்லுக்குப் போனார். அங்கே இருசப்பன் என்ற விவசாயியின் கம்பு அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது.

"கொஞ்சம் இருங்க சாமி. ரெண்டு பிடி உடைசல் அரிசி ஓட்டித் தொடச்சி விட்டுடறேன்" என்றாள் சந்திரகலா.

"எனக்கு நீ வரிசை சொல்றயா?" என்றார் சாம்பமூர்த்தி. சொல்லிவிட்டுத் தன் டப்பாவைத் தானே மிஷினின் வாயில் கவிழ்த்தார்.

அன்றைய மாவிளக்கில் சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தன. இருசப்பனின் கம்பு அம்மன் சன்னிதிவரை போய்விட்டது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கே ஆடியில் கம்பங்கூழ்தானே ஊற்றுகிறார்கள். ஆனால் சாம்பமூர்த்தி சொன்னார். ஆடி மாதத்துக்காகத் தெருக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில், அன்று மாலையே சொன்னார்: "நம் தெரு மாவு மில்லில் கண்டதையும் அரைக்கிறார்கள். அங்கே அரைத்த மாவு தீட்டு. அதை அம்மனுக்குப் படைக்கலாகாது. சபா வெகு விரைவில் ஓர் ஆசார மாவு மில்லைத் துவக்கும்."

சந்திரகலா மாவு அப்பிய கையோடு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என் மில்லு மேல இன்னா தப்பு? இருங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"ஆசார விஷயம். உனக்குப் புரியாது."

"புரியாதது இருக்கட்டும். மைக்குல சொன்னீங்க இல்ல? மைக்குலயே தப்புன்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சபா தீர்மானத்தை வாபஸ் வாங்கற வழக்கமில்லை" என்று கதவைச் சாத்தினார். சபா ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதற்கு வழக்கம் வந்துவிட்டது.

அந்த வாரம் மில்லில் பெல்ட் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் ஜாஸ்தி. வந்தவர்களும் பின்வாசல் வழியாக வந்தார்கள், பாத்திரத்தை முந்தானையில் மூடிக்கொண்டு. சந்திரகலாவுக்கு வராதவர்கள்மேல் வருத்தம்தான். இப்படி வந்தவர்கள்மேல்தான் கோபம்.

"திருட்டுத்தனமா வாங்கிட்டுப் போறதுக்கு இது இன்னா சாராயமா?" என்று கேட்டு ஒருத்தியைத் திருப்பி அனுப்பினாள். "முன்வாசல்ல வா. இல்லாட்டி வராத."

இதற்கிடையில் ஆசார மில் வந்து இறங்கியது. வாடகை வேன் ஓட்டும் மணி அதைத் தன் வேனில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தான். பளபளவென்று பச்சை வண்ணம் பூசிய மிஷின். அதை வாங்க ஏற்பாடு செய்தவனும் மணிதான். சாம்பமூர்த்தி அவனிடம் விலை கேட்டார், கம்மியாக இருந்தது, திருப்தியடைந்தார். யாரைப் பார்த்தாலும் என்ன ஊர், என்ன குலம், என்ன கோத்திரம் என்று விசாரிக்காமல் உட்காரச் சொல்லாத மனிதர், அந்த மிஷினிடம் மட்டும் பூர்வோத்தரம் கேட்கவில்லை.

இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள் மாலை மிஷினுக்குப் புண்யாஹவாசனம் நடந்தது. செய்து வைத்தவன் சாம்பமூர்த்தியின் தம்பி மகன் சிவகணேஷ். கோயிலில் பூஜை முறை முடிந்து நேராக வந்திருந்தான். மோட்டாரை வாழையிலையால் மூடி, மிஷினுக்கு மாலை போட்டு, கலச நீரை மாவிலையால் தெளித்தான்.

"என்ன தெளிக்கறே? உள்ள யார் சுத்தி பண்றது? ஊத்து" என்றார் சாம்பமூர்த்தி.

"பெரியப்பா, மிஷினுக்குள்ள தண்ணி ஊத்தலாமா?"

"ஆசாரம்னா மேல்பூச்சுக்கு மட்டுமா? ஊத்துடா."

சிவகணேஷ் ஊற்றினான். கலச நீர் போதாது என்று மஞ்சள் நீர், அது போதாது என்று ஒரு சொம்பு பாலும் போயிற்று. அரைக்கும் மிஷினுக்கு அபிஷேகம் நடந்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று சாம்பமூர்த்தி ஒலிபெருக்கியில் பெருமைப்பட்டார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

மாவிளக்கு அரிசிக்கு ஈரம்தான் உயிர். ஊறப் போட்டு, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். அள்ளினால் விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஈரம் ஜாஸ்தியானால் சல்லடை அடைத்துக்கொள்ளும். கம்மியானால் மாவு ரவையாக விழும். அதில் விளக்கு பிடித்தால் விரிசல் விட்டு நெய் ஒழுகும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் தெருவின் அத்தனை வீட்டிலும் அரிசி துணியில் கிடந்தது, பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாத்திரம் ஹைமவதியுடையது. தெருவே கூடியிருக்க, சாம்பிராணிப் புகை சூழ, சாம்பமூர்த்தி சுவிட்சைப் போட்டார். மணி பெல்ட்டைப் பார்த்துக்கொண்டான். அரிசி உள்ளே போனது. மாவு துணிக்குழாய் வழியாக இறங்கியது. மிஷின் சூடேறச் சூடேற அதோடு இன்னொன்றும் இறங்கியது.

முதலில் வந்து நின்றது தெருப் பூனை. மிஷினுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மிகுந்த பக்தியோடு பார்த்தது.

ஹைமவதி மாவை ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரத்தை மட்டும் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"ஏன்னா, கொஞ்சம் மோந்து பாருங்கோ."

"புது பெல்ட் வாசனை. போகப் போகச் சரியாயிடும்."

"பெல்ட்டைப் பார்க்கவா பூனை வந்திருக்கு?"

அதற்குள் இரண்டாவது பூனையும் வந்துவிட்டது. சாம்பமூர்த்தி சுவிட்சை அணைத்தார். நின்ற மிஷினிலிருந்து, இரவு முழுக்க ஊறிய வாசனை, சாம்பிராணியை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியது. இப்போது மோந்து பார்க்கச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

"மணி, இது எங்கேர்ந்து வந்தது?"

"நாமக்கல் பக்கம் சார். ஷெட்டை மூடிட்டாங்க. அதான் கம்மி விலைக்கு விட்டாங்க."

"என்ன ஷெட்டு?"

"கோழித் தீவனம்."

சாம்பமூர்த்தி சற்று மூச்சு விட்டார். "மக்காச்சோளம்தானே அரைப்பா?"

"மக்காச்சோளமும்தான்" என்ற மணி, தலையைச் சொறிந்தான். "கருவாடு ஜாஸ்தி."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"ஏண்டா முன்னாடியே சொல்லலை?"

"முன்னாடி இன்னா ஓடுச்சுன்னு நீங்க கேக்கலியே சார். நான் கொண்டாந்தப்ப உள்ள எல்லாம் நல்லா காஞ்சி கெடந்துச்சு. ஒரு வாசனை கெடையாது. இன்னும் பத்து வருசம் ஆனாலும் தெரிஞ்சிருக்காது." மிஷினின் வாயில் கையை விட்டுப் பார்த்தான். கை ஈரமாக வந்தது. "இதுக்குள்ள யாரு சார் தண்ணி ஊத்துனது?"

எல்லோரும் சிவகணேஷைப் பார்த்தார்கள். சிவகணேஷ் மலையைப் பார்த்தான்.

தெருவில் ஆசாரத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. அரிசி துணியில் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்கள், பாத்திரங்களோடு வந்தார்கள், சந்திரகலாவின் மில்லைப் பார்த்து நடந்தார்கள். முன்வாசல் வழியாகத்தான். ஹைமவதி மீதி வைத்திருந்த அரிசியை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனாள். போகும் முன் கணவர் கையில் கோதுமை டப்பாவைக் கொடுத்தாள்.

"சர்க்கரைக்காரருக்கு ராத்திரி சப்பாத்தி வேணுமோன்னோ? வாங்கோ."

மில்லில் சந்திரகலா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுவிட்ச் அணைந்திருந்தது. காலையிலிருந்து வந்த ஒரே வாடிக்கையாளர் இருசப்பன், அவரும் அப்போதுதான் வந்திருந்தார். பக்கத்தில் கம்பு மூட்டை.

"கலா, கொஞ்சம் ஓட்டும்மா. அரிசி காஞ்சிடும்" என்றாள் வரிசையில் முன்னால் நின்றவள்.

"என் மில்லு தீட்டு ஆச்சேம்மா. தெரியாதா? கம்பத்துல கட்டிச் சொன்னாங்களே."

"அதெல்லாம் யார் நம்பினா?"

"நம்பாமத்தான் ஒரு வாரமா பின்வாசல்ல வந்தீங்களா?"

சந்திரகலா வரிசையின் கடைசியில் கோதுமை டப்பாவோடு நின்றவரைப் பார்த்தாள். "சார் மைக்குல சொல்லட்டும். அடுத்த செகண்டு மிஷின் ஓடும். அது வரைக்கும் என் கை சுவிட்சுல படாது."

சாம்பமூர்த்தி யோசித்தார். தெரு அவருக்கு யோசிக்க நேரம் தரவில்லை. அத்தனை கண்களும் கம்பத்தடியைக் காட்டின. அவர் நடந்துபோய் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். அது தேரடி வரை கேட்டது.

"அன்பார்ந்த பக்த கோடிகளே. சில தொழில்நுட்பக் காரணங்களால் சபாவின் இயந்திரம் தற்காலிகமாக ஓய்வெடுக்கிறது. ஆகவே இன்று ஒரு நாள் மட்டும், சந்திரகலா மில்லில் அரைத்துக்கொள்ள சபா பெரிய மனதோடு அனுமதி அளிக்கிறது."

எழுந்து சுவிட்சருகில் போயிருந்த சந்திரகலா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அனுமதியா? என் மில்லுக்கு அவுரு அனுமதியா?"

"மாமா, வேற மாதிரி சொல்லுங்கோ" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள்.

சாம்பமூர்த்தி வேறு மாதிரி ஆரம்பித்தார். "உரலும் உலக்கையும் வேத காலம் தொட்டே நம் முன்னோர்களால் போற்றப்பட்டு வந்திருக்கின்றன. அம்மி என்பது..."

ஒருத்தி தன் அரிசியை அள்ளி விட்டுப் பார்த்தாள். அது விரலில் ஒட்டாமல் சலசலவென்று உதிர்ந்தது. அவள் முகம் சிவந்தது.

"அம்மிக்கு வந்தாச்சு. இனிமே ஆட்டுக்கல்லு, அப்புறம் திரிகை. அதுக்குள்ள என் அரிசி வத்தலாயிடும்."

"போன வாரம் தீட்டுன்னு சொல்றப்ப வேத காலம் வரலையே. ஒரே வார்த்தைலதானே சொன்னார்."

"மாமா, அரிசி காயறது."

ஒலிபெருக்கி உலக்கையின் தத்துவத்துக்குள் இறங்கியபோது, ஹைமவதி பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே கம்பத்தடிக்கு நடந்தாள். கணவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன்னா. ரெண்டே வார்த்தை. நான் சொன்னது தப்பு. அவ்வளவுதான்."

சாம்பமூர்த்தி மைக்கைக் கையால் மூடினார். "தெருவே கேக்கும்டி."

"போன வாரமும் தெருவேதான் கேட்டுது."

கையால் மூடினால் கேட்காது என்பது அவர் எண்ணம். மைக் அப்படி நினைக்கவில்லை. இரண்டு வாக்கியமும் தேரடியில் சுற்றுலா வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. மூடி மறைக்க இனி ஒன்றும் மீதமில்லை என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை எடுத்தார்.

"சந்திரகலா மில்லில் தீட்டு ஒன்றும் கிடையாது. நான் சொன்னது தப்பு."

அவர் பொதுவாழ்வில் பேசிய மிகச் சிறிய உரை அது. மேற்கொண்டு ஏதோ சேர்க்க வாயைத் திறந்தார். அதற்குள் மில்லில் மோட்டார் எழுந்துவிட்டது. அந்த இரைச்சலில் ஒலிபெருக்கி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"காஞ்சவங்க லேசா தண்ணி தெளிச்சி, பிசிறி, மூடி வைங்க. ஈரமா இருக்கறவங்க முன்னாடி வாங்க" என்றாள் சந்திரகலா.

திரும்பி வந்த ஹைமவதிக்கு முதல் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவள் பாத்திரத்தை உடனே நீட்டவில்லை.

"முன்னாடி என்ன ஓடித்து கலா?"

"நேத்து சாயந்தரம் கேவுரு மாமி. காலையில உடைசல் ஓட்டித் தொடச்சிட்டேன். தைரியமா போடுங்க."

வெள்ளை மாவு இறங்கியது. ஒவ்வொரு பாத்திரமாகப் பச்சரிசி முடிந்தது. அரிசிக்காரர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்ற இருசப்பன், கம்பு மூட்டையைத் தூக்கி மிஷின் பக்கம் வைத்தார். பின்னால் கோதுமை டப்பாவோடு சாம்பமூர்த்தி நின்றார்.

இருசப்பன் திரும்பிப் பார்த்தார். "சார், என்னுது கம்பு. என் பின்னாடி வந்தா உங்க கோதுமை கருத்துடும். வேணும்னா நீங்க முன்னாடி போய்டுங்க."

சாம்பமூர்த்தி ஒரு காலை எடுத்து வைத்தார்.

மாவுப் பாத்திரத்தை மூடி வாசல்வரை போயிருந்த ஹைமவதி திரும்பாமலே சொன்னாள்:

"நீங்க போடுங்கோ இருசப்பன். அவர் பின்னாடியே நிக்கட்டும்."