‘காரணம்’ என்ற கட்டம்

சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் விற்கும் அந்தக் கடையில் பில் போடுகிறவளை எல்லோரும் ‘பில் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி அவளுடைய தாய்மாமா. புருஷன் போய்ச் சேர்ந்தபின் இரண்டு பெண்களோடு நின்றவளுக்கு வேலை கொடுத்தவர். அதை மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

சக்கர நாற்காலிக்கு முதல் தேதியிலிருந்து வாட் வரி கிடையாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அன்று காலையிலேயே பில் அக்கா கம்ப்யூட்டரில் அந்தப் பொருளுக்கு வரியைப் பூஜ்யமாக்கிவிட்டாள். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தாள், பாவம்.

பத்தாம் நாள் ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் பில்லோடு வந்தார்.

“வரியை எடுத்துட்டாங்கன்னு ரேடியோல சொன்னாங்களேம்மா, என் பில்லுல மட்டும் எப்படி வந்துச்சு?”

தேடிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன மாதம் எடுத்த ஆர்டர், இந்த மாதம் டெலிவரி. ஆர்டரில் உள்ள வரியையே பில்லுக்கும் கொண்டுபோகச் சொல்லி கம்ப்யூட்டரில் ஒரு டிக் போட்டிருந்தது. போட்டது வேறு யாருமில்லை, அவளேதான். ஆர்டரில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை என்று ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள் என மாமா புலம்பியபோது, மூன்று வருஷத்துக்கு முன் போட்டது. அதில் மாட்டிய பில்கள் நாற்பத்தொன்று.

முதலில் அந்த டிக்கை எடுத்தாள். பிறகு மாமாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“தையல்காரருக்கு மட்டும் தள்ளுபடின்னு எழுதிக் குடுத்து அனுப்பு,” என்றார் மாமா. “மத்தவங்க கேட்டாங்களா?”

“கேக்கலை.”

“அப்புறம் என்ன? வாங்குன வரியை அரசாங்கத்துக்கும் கட்ட வேணாம், நம்மகிட்டயே நின்னுடும். நீ ஏன் வம்பை விலைக்கு வாங்குறே?”

“கேக்கத் தெரியலைன்னா அமுக்கிக்கலாமா மாமா? தப்பு என்னோடது. நான்தான் சரிபண்ணணும்.”

“சோறு போட்டவனுக்கே பாடம் எடுக்குறியா?”

பில் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சும்மா போடலை மாமா. பில் போட்டுத்தான் சாப்பிட்டேன்.”

திரும்பி வந்து உட்கார்ந்து, வாங்கிய வரியைத் திருப்பித் தருவதற்கான கிரெடிட் நோட்டை நாற்பத்தொரு பேருக்கும் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வந்தது. ‘வரி இல்லாத பொருளுக்கு வரி வாங்கிவிட்டோம். தவறு எங்களுடையது’ என்று அடித்தாள். கீழே ‘பதிந்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் தானாக விழுந்தது. பதிந்த நொடியே வாடிக்கையாளருக்கு மெயில் போய்விடும். பதிந்ததை முதலாளியே நினைத்தாலும் அழிக்க முடியாது. முதல் தாளைத் தையல்காரர் வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிரிண்டர் சத்தம் ஓயாததைக் கேட்டு மாமா வெளியே வந்தார். ஒரு தாளை உருவிப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

“நாளையிலேருந்து நீ வர வேணாம்.”

பெண்களின் பள்ளிக் கட்டணம் கண்முன் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் விரல் நிற்கவில்லை.

“சரி மாமா, வரலை. கடை மூட இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. பத்தொன்பது பாக்கி.”

பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது. மாமா மறித்துக்கொண்டு நின்ற அலமாரியில்தான் புதுக்கட்டு இருந்தது. எழுந்து போய் அவர் எதிரே நின்றாள்.

“கொஞ்சம் நகருங்க மாமா.”

மாமா நகர்ந்தார்.