சமையலறையில் வளர்ந்த குதிரை

அந்தச் செவலைக் குதிரை பயந்தால் சிறுத்துவிடும். கதவு அறைந்தால் கன்றுக்குட்டி அளவு, இடி இடித்தால் ஆட்டுக்குட்டி அளவு. குதிரைப் பயிற்சிக்காரி முதல் நாள் "நில்லு!" என்று போட்ட ஒரே அதட்டலில் பூனை அளவுக்கு வந்து, தீவனத் தொட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே லாயத்தில் அந்தக் குரலை வைத்துத்தான் பிழைப்பு. எந்த முரட்டுக் குதிரையும் அதற்கு அடங்கிவிடும். அடங்கிவிட்டால் பழகிவிட்டது என்றே அவளும் நினைத்திருந்தாள், பாவம்.

மழைக்காலம் முடிந்து சவாரிப் பள்ளி திறப்பதற்குள் குதிரை குதிரை அளவுக்கு வராவிட்டால் சர்க்கஸ்காரனிடம் கொடுத்துவிடுவேன் என்றார் முதலாளி. சர்க்கஸ்காரனுக்குப் பொறுமை ஏது? மறுநாளே கிளிக்கூண்டோடு வந்து அளவு பார்த்துவிட்டுப் போனான். கூண்டைப் பார்த்த பயிற்சிக்காரி, எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று தலையில் அடித்துக்கொண்டு, குதிரையைக் காய்கறிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அன்றோடு அவள் சத்தம் நின்றது. சமையலறையில் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேரட் நறுக்குவாள். கூப்பிட மாட்டாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். அது ஓர் அடி நெருங்கி வந்தால், தான் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள். அவள் கணவர் கொத்தனார். அவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடந்தார். வீடு இப்படி ஓய்ந்து கிடந்ததில், புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ பெரிய சண்டை என்று அக்கம்பக்கத்தார் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். பேச வந்தவர்களுக்கும் தட்டில் கேரட்தான் கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம் குதிரை தானாக வந்து அவள் தோளில் மூக்கை வைத்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள், சிரித்தாள், நறுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. அதன் பிறகு வளர்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்! மழை விடுவதற்குள் காது மின்விசிறியை எட்டியது. விசிறியைக் கழற்றி வைத்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் வாசற்படியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டைக் கட்டியவரே கொத்தனார், அவருக்கும் தோன்றவில்லை. பள்ளி திறக்கும் நாளன்று முதலாளி தெருவில் நிற்கிறார், பக்கத்தில் சர்க்கஸ்காரன், கையில் கூண்டு. குதிரையோ கழுத்துக்கு மேல்தான் வெளியே வருகிறது.

"ஒரு அதட்டு போடும்மா. சிறுத்துடும், தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் முதலாளி.

"லேசா ஒரு தடவ போடேன்" என்று கணவரும் கெஞ்சினார். போன மாதம்தான் பூசி முடித்த சுவர்.

"என்ன நம்பி வளந்துச்சுங்க. நானே பயமுறுத்தணுமா? அது மட்டும் என்னால ஆகாது. சுவத்த இடிங்க."

கொத்தனார் சம்மட்டியை எடுத்தார். முதல் அடியின் சத்தத்திலேயே குதிரை சிறுத்துவிடும், சுவர் தப்பிவிடும் என்று அவருக்கு உள்ளூர ஒரு நப்பாசை. ஓங்கிப் போட்டுவிட்டு ஆவலாகத் திரும்பினார்.

"கொறஞ்சுதா?"

"ஒரு நூல்கூட இல்ல" என்றாள். அவள் கை குதிரையின் கழுத்தில் இருந்தது.

மறுபடி அடித்தார், மறுபடி கேட்டார். செங்கல் சரிந்தது, புழுதி பறந்தது, தெருவில் நின்ற சர்க்கஸ்காரனே காதைப் பொத்திக்கொண்டான். குதிரை காதை அசைத்தது, பிறகு தாடையை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றது. சிறுக்கவில்லை. சுவர் விழ விழ இன்னும் நாலு விரற்கடை உயர்ந்தது. கொத்தனார் முனகிக்கொண்டே மேலேயும் இடித்தார். அது நிதானமாக நடந்து தெருவுக்கு வந்தபோது சர்க்கஸ்காரன் கூண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், முதலாளி வழிவிட்டார்.

இப்போது அது காலையில் பள்ளிக்குப் போய்ச் சாயங்காலம் சமையலறைக்குத் திரும்புகிறது. இடித்த இடத்தில் கொத்தனார் ஒரு கதவு போட்டிருக்கிறார். குதிரையைவிடக் கதவு எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்பவர்களிடம், "வளர்ற புள்ளதானே" என்கிறார்.