நெவ் அம்மா பின்னுன டீபாட் சட்டை

இல்ல இல்ல, நீங்க சொல்றது மூக்கு உடைஞ்ச வாத்து டீபாட். அது மூணு தடவதான் எங்கிட்ட வந்துச்சு. நான் சொல்றது முக்குளிக்கிற ஆளு, ரப்பர் பொம்மை, வயித்துக்குள்ள டீத்தூளப் போட்டு கப்புல தொங்க விடுவாங்கல்ல, அது. அது நாலு தடவ! ஒரு கால்ல நீலப் பெயிண்ட் ஒட்டிருக்கும், அதனால அதே ஆளுன்னு தெரியும். நான் பழைய சாமான் கடைல இனாமா குடுப்பேன், எங்க படகு யார்டுல யாராவது அத வாங்கி எனக்கே குடுப்பாங்க. நான் திரும்பக் குடுப்பேன். அவன் திரும்ப வருவான்.

எங்க கடலோர ஊரு செயின்ட் ஹெலன்ஸ்ல பழைய சாமான் கடை எல்லாரும் போற இடம். அதுல டீ சம்பந்தப்பட்ட எத பாத்தாலும் ஊருக்கே என் ஞாபகம்தான் வரும். "அட, கீலிக்கு ஆகும்!" அவ்ளோதான், வாங்கிருவாங்க. அத அங்க போட்டதே கீலிதான்னு யாருக்கும் தெரியாது. லொரெய்னுக்கு மட்டும் தெரியும். கடைய பாத்துக்கிறவங்க. நான் பைய தூக்கிட்டு உள்ள நுழைஞ்சாலே, "வாடி, உன் வாத்த கூட்டிட்டு வந்துட்டியா"ம்பாங்க.

எனக்கு டீன்னா உயிரு. படகு பழுது பாக்குற யார்டுல வேல. நாள் முழுக்க அடிப்பாகம் சுரண்டணும், தேய்க்கணும், பெயிண்ட் அடிக்கணும். பத்து மணிக்கு எல்லாரும் இன்ஸ்டன்ட் காபிய கலக்கி மடக்கு மடக்குன்னு குடிக்கும்போது நான் மட்டும் டீபாட்ட எடுத்து வச்சு, இலையப் போட்டு, மணி பாத்துட்டு உக்காந்திருப்பேன். அதனால எனக்கு யார்டுல பேரு டீபேக். நான் வாழ்க்கைல தொடவே தொடாத ஒரு பொருளோட பேரு! எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாங்க.

எனக்குப் பிடிச்சது வெறும் இலை. எனக்கு வர்றது ஸ்ட்ராபெரி கேக் வாசன டீ, பபிள்கம் வாசன டீ, தேங்கா பிஸ்கட் வாசன டீ, "டீ குடிக்காம பேசாதே"ன்னு எழுதுன கப்பு. அந்தக் கப்பு மட்டும் பதினொண்ணு. ஆனா ஒரு நாள் கூட மூஞ்ச சுளிச்சதில்ல, சத்தியமா. கடைல ஒருத்தர் நின்னுட்டு, கைல ஒரு கேவலமான வாத்த வச்சுக்கிட்டு, என்ன நெனச்சுப் பாத்திருக்காரு. எனக்கு அது போதும். வாத்து வேணாம், நெனப்பு வேணும். அதனால நெனப்ப வச்சுக்கிட்டு வாத்த அனுப்பிருவேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன செப்டம்பர்ல என் பொறந்த நாளு. நெவ் வந்தாரு. நெவ்னா எங்க யார்டுல மூத்த ஆளு, அறுபத்தோரு வயசு, ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுவாரு. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைய நீட்டுனாரு.

"இந்தா, டீபேக்கு."

"என்னய்யா இது?"

"பொறந்த நாளு." போயிட்டாரு.

உள்ள டீபாட்டுக்குப் போடுற கம்பளிச் சட்டை. டீ ஆறிப் போகாம இருக்க மாட்டி விடுவாங்கல்ல, அது. கலர பாக்கணுமே! ஆரஞ்சு, நடுவுல ஊதா, கீழ ஒரு கடுகு மஞ்ச. உச்சில ஒரு குஞ்சம், வயசான ஆட்டுத் தாடி மாதிரி. மூக்கு ஓட்டை ஒரு பக்கம், கைப்பிடி ஓட்டை வேற பக்கம், ரெண்டும் நேர்ல இல்ல. சரி, இதுவும் அந்தக் கடைச் சரக்குதான், வழக்கம் போலன்னு நெனச்சுட்டேன். ரெண்டு வாரம் வச்சிருந்துட்டு, வாத்தோட சேத்து லொரெய்ன் கிட்ட குடுத்துட்டேன்.

டிசம்பர்ல ஒரு திங்கக்கிழமை. நானும் நெவ்வும் ஒரு இறால் படகுக்கு அடில மல்லாக்கப் படுத்து சுரண்டிட்டு இருக்கோம். திடீர்னு அவரு, "வெள்ளிக்கிழமை பார்ட்டிக்கு அம்மாவ கூட்டிட்டு வர்றேன்"னாரு. வருசக் கடைசி பார்ட்டி, யார்டுலயே நடக்கும்.

"சூப்பர்! மெர்ல் அம்மாவா? நான் பாத்ததே இல்லயே."

"உன்னப் பாக்கணுமாம். அந்த சட்டை பின்ன மூணு மாசம் ஆச்சு அவங்களுக்கு. கண்ணு சுத்தமா தெரியல இப்ப. விரலால எண்ணி எண்ணிப் பின்னுனாங்க. ஞாயித்துக்கிழமை நான் போனா மொத கேள்வி, அந்தப் பொண்ணு அத மாட்டுறாளான்னு."

எனக்கு வாயில பெயிண்ட் தூள் விழுந்துருச்சு. இருமுறேன், இருமுறேன், நிக்கவே இல்ல.

"மாட்டுறியா?"ன்னு கேட்டாரு.

"மாட்டாம? தெனமும்! வீட்ல இருக்கு, வீட்டு டீபாட்டுல." வாய் தானா சொல்லிருச்சுங்க. நான் யோசிக்கவே இல்ல.

"ம்"னாரு. மறுபடி சுரண்ட ஆரம்பிச்சுட்டாரு.

மத்தியானம் சாப்பாட்ட விட்டுட்டு கடைக்கு ஓடுனேன்.

"லொரெய்ன்! அந்த ஆரஞ்சு ஊதா சட்டை!"

"வித்துப் போச்சு. அக்டோபர்லயே."

"யார் வாங்குனா? நான் போய் கால்ல விழுந்தாவது வாங்கிடுறேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஐயோ ப்ளீஸ், ஒரு எண்பத்தெட்டு வயசு அம்மாவோட மனசு இதுல இருக்கு!"

லொரெய்ன் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி என்னப் பாத்தாங்க. "வாராவாரம் பை தூக்கிட்டு வர்றியே, அது நீதான்னு யார்கிட்டயாவது சொல்லிருக்கேனா? இல்லல்ல? அப்ப இதயும் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஒரே நியாயம். போயி சாப்பிடு, மூஞ்சி வெளுத்திருக்கு."

நாலு நாள் தூக்கம் இல்ல எனக்கு. நானே ஒண்ணு பின்னலாமான்னு பாத்தேன். கோழி கெளறுன மாதிரி வந்துச்சு.

வெள்ளிக்கிழமை. மீன் வறுக்குற வாசன, பீர் பெட்டி, ஐஸ்ல இறால், யார்டு கதவு பூரா திறந்து கடக்காத்து. நெவ் அவங்கம்மாவ கைய பிடிச்சு கூட்டிட்டு வந்து நல்ல நாற்காலில உக்கார வச்சாரு. இத்தூண்டு உருவம். என் குரல் கேட்டதும் ரெண்டு கையயும் நீட்டுனாங்க.

"நீதான் டீக்காரப் பொண்ணா? சூடு நிக்குதா கண்ணு அதுல?"

"நிக்குது மெர்ல் அம்மா, நல்லா நிக்குது"ன்னேன். ரெண்டாவது புளுகு. காது சுட்டுச்சு.

அப்புறம் கிறிஸ் கிரிங்கிள் ஆரம்பிச்சுது, கிறிஸ்மஸுக்கு பேரு சொல்லாம பரிசு குடுக்குற ஆட்டம். எங்க யார்டுல அத பிடுங்குற மாதிரிதான் ஆடுவோம். யாரு வச்சதுன்னு பேரு போடாம ஆளுக்கொரு பொட்டலம் மேசைல இருக்கும். சீட்டு எடுத்து, நம்பர் வரிசைப்படி ஒண்ணப் பிரிக்கலாம், இல்ல முன்னாடி பிரிச்சவன் கைல இருந்து பிடுங்கலாம். ஒண்ணாம் நம்பர்காரருக்கு பிடுங்க ஆள் கெடையாதுல்ல, அதனால கடைசில ஒரு தடவ மாத்திக்கிற உரிமை.

எனக்கு ஒண்ணு வந்துச்சு. சின்னப் பொட்டலமா ஒண்ணு எடுத்துப் பிரிச்சேன்.

தைவான் மலை ஊலாங்! நெசமான டீ! சின்னச் சின்னப் பச்ச மணியா உருட்டி வச்சிருக்கும், வெந்நீர் பட்டா முழு இலையா, காம்போட விரியும். அஞ்சு வருசமா இந்த யார்டுல வாத்தும் கப்புமா வாங்கிருக்கேன், மொத தடவயா ஒரு டீ! நான் கத்துன கத்துல கடல்காக்கா எல்லாம் பறந்து போச்சு. எங்க மொதலாளி ரோண்டா காத பொத்திக்கிட்டாங்க, ஆனா சிரிப்பு அடக்க முடியல. அவங்க வச்சதுதான்னு உடனே தெரிஞ்சு போச்சு, அவங்க தங்கச்சி தைவான்ல இருக்கா. பொட்டலத்த நெஞ்சோட அணச்சு வச்சுக்கிட்டேன். யாராவது பிடுங்கிருவாங்களோன்னு ஒவ்வொரு நம்பருக்கும் பயம். யாரும் பிடுங்கல. டீயத் தொட்டா இவ கடிச்சிருவான்னு நெனச்சாங்களோ என்னமோ.

கடைசி நம்பர் பிராடி. என் வயசு ஆளு, யார்டோட கோமாளி. மிச்சம் இருந்த ஒரே பொட்டலத்தப் பிரிச்சான்.

ஆரஞ்சு. ஊதா. கடுகு மஞ்ச.

"ஐயய்யோ, என்னடா இது!" எடுத்து தலைல மாட்டிக்கிட்டான். குஞ்சம் முன்னாடி தொங்குது, காது ரெண்டும் ரெண்டு ஓட்டை வழியா வெளிய வந்துருச்சு. மொத்த யார்டும் உருண்டு பொரண்டு சிரிக்குது. "இத வச்ச புண்ணியவான் யாருப்பா, முன்னால வந்து மன்னிப்பு கேளு!"

மெர்ல் அம்மாவும் சேந்து சிரிக்கிறாங்க, என்னன்னு தெரியாமலே. "என்னது? எங்கிட்டயும் காட்டுங்களேன், தொட்டுப் பாக்குறேன்."

"இந்தாங்க பாட்டி"ன்னு பிராடி தலைல இருந்து கழட்டிக்கிட்டே அவங்க பக்கம் நடக்குறான்.

"நில்லுடா!" நான் எந்திரிச்சுட்டேன். "எனக்கு மாத்துற உரிமை இருக்கு. அத நான் பிடுங்குறேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க.

"எத குடுத்து?"ன்னாங்க ரோண்டா.

நான் ஊலாங்க நீட்டுனேன். கை வர மாட்டேங்குது, ஆனா நீட்டுனேன்.

"உனக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சா?"

"ஏறட்டும். குடுறா."

பிராடி பயந்து போயி குடுத்துட்டான். அதுக்குள்ள மெர்ல் அம்மா கை காத்துல நீட்டுனபடியே இருக்கு. குடுக்காம எப்படி இருக்க முடியும்? அந்தக் கைல வச்சேன். அவங்க விரல் குஞ்சத்துல ஆரம்பிச்சு கீழ இறங்குச்சு, மூக்கு ஓட்டை கிட்ட நின்னுச்சு.

"இங்க ரெண்டு கண்ணி விட்டுட்டேன்"னாங்க. "இது என்னோடதாச்சே. உன் வீட்ல இருக்குன்னு நெவ் சொன்னானே. பொட்டலத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

சொல்லிரலாம்னு வாயத் திறந்தேன், சத்தியமா திறந்தேன்.

"நான்தாம்மா வச்சேன்." நெவ். சுவத்துல சாஞ்சுக்கிட்டு, பீர் பாட்டில கையில உருட்டிக்கிட்டு. "இவ டீபாட்டுல இருந்து சுட்டுட்டு வந்து வச்சேன். வம்புக்குத்தான். எத குடுத்து திரும்ப வாங்குறான்னு பாக்கலாம்னு."

எல்லார் முன்னாடியும் அவரு இவ்ளோ பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

"எத குடுத்தா?"ன்னு அம்மா கேட்டாங்க.

"அவளுக்கு உலகத்துலயே பிடிச்ச டீய."

மெர்ல் அம்மா மூஞ்ச நீங்க பாத்திருக்கணும். சட்டைய மடில வச்சு நீவி நீவி விட்டாங்க. அப்புறம், "நெவ் அப்பா கூட எனக்கு இப்படி எதையும் விட்டுக் குடுத்ததில்ல"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் இறால் தட்ட எடுக்கப் போற மாதிரி போயி கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

அப்புறமா படகு இறக்குற சரிவுல நெவ் தனியா நின்னாரு. பக்கத்துல போனேன்.

"எப்ப தெரியும்?"

"அக்டோபர். எனக்கு ஒரு கோடரி தேடிப் போனேன் கடைக்கு. இது தொங்குது."

"கோவம் வரலயா?"

"வந்துச்சு. வாங்கி வண்டில போட்டேன். திங்கக்கிழமை நீ உண்மையச் சொல்லிருந்தா அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேன். நீ கூசாம புளுகுன."

"மன்னிச்சிருய்யா. நெசமா. நான் பிடுங்கலன்னா என்ன பண்ணிருப்ப?"

"உன்னப் பத்தி தெரிஞ்சிருக்கும்."

அது கத்தி மாதிரி இறங்குச்சுங்க. அப்புறம் பாத்தா அவரு தோளு குலுங்குது. அழுறாரோன்னு பயந்துட்டேன். சிரிக்கிறாரு!

"டீபேக்கு, அந்தக் கடைல தொங்குற ஸ்வெட்டர் எத்தன பாத்திருக்க?"

"ஒரு... பத்து பன்னெண்டு?"

"ஒம்பது எங்கம்மா பின்னுனது. எனக்காக. கழுத்து நமைக்கும்." பாட்டில காலி பண்ணாரு. "லொரெய்ன் கிட்ட கேட்டுராத. சொல்ல மாட்டா."

ஊலாங் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? பிராடி வெறுத்துப் போயி எங்கிட்டயே குடுத்துருவான்னு நெனச்சேன். நாசமாப் போறவன், அவனுக்குப் பிடிச்சுப் போச்சு! பத்து மணிக்கு என் டீபாட்டுலதான் போடணும்னு நிக்கிறான், "ஏய் இங்க பாரு, இலை முழுசா இருக்கு, காம்பு கூட இருக்கு!"ன்னு ஊரக் கூட்டுறான். எனக்கும் ஒரு கப்பு ஊத்துவான், அவன் டீங்கிற கெத்தோட. நானும் வாங்கிக் குடிச்சுட்டு நன்றி சொல்றேன். அந்த சட்டை நெசமாவே சூடு நிறுத்துதுங்க. கடக்காத்துல, இருபத்தஞ்சு நிமிசம்! ரெண்டு வாரம் அலமாரில கெடந்தப்ப ஒரு தடவ கூட மாட்டிப் பாக்கலயே நான்.

இப்ப பிரச்சன என்னன்னா, மெர்ல் அம்மா எனக்கு ரெண்டாவது பின்ன ஆரம்பிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை நான் டீபாட்ட எடுத்துக்கிட்டு அவங்கள பாக்கப் போறேன், அளவு எடுக்கணுமாம். அவங்க விரலு அந்த மூக்குல இருந்து அடி வரைக்கும் தடவித் தடவி அளவு எடுக்குறப்ப, நான் எதிர்ல புளுகோட உக்காந்திருக்கணும். நெவ் சொல்லாதங்குறாரு. லொரெய்ன் "வாயத் திறந்தே, இனிமே உன் வாத்த வாங்க மாட்டேன்"ங்குறாங்க. ஆனா எனக்கு என்னமோ, சொன்னா அந்தம்மா வயிறு குலுங்க சிரிப்பாங்கன்னுதான் தோணுது. ஒருவேள சிரிக்கலன்னா? ஊசிய கீழ வச்சுட்டாங்கன்னா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை மொத கப்பு ஊத்துறப்பவே சொல்லிடவா?