வராத வைத்தியர்

சடகோபன் பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. திருச்சியிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு உலகச் சிறுகதைகளை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கித் தருவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. பிரான்சு, ருஷ்யா, அமெரிக்கா என்று மாதம் ஒரு தேசம், ஓர் எழுத்தாளர். ஸ்ரீரங்கத்தில் அவற்றை விடாமல் படித்த ஒரே வாசகி, அவருக்குத் தெரிந்து, மனைவி வேதவதிதான்.

1937 மார்கழியில் நார்வேக்காரர் ஒருவரின் கதை தமிழாக்க வந்தது. மீனவக் குடும்பம். ஏழு வயதுப் பெண்ணுக்குக் கடும் ஜுரம். வைத்தியரை அழைத்துவரத் தகப்பன் பனியில் போகிறான். சடகோபன் இரண்டு பக்கத்தோடு பேனாவை மூடிவிட்டார். அவர் மகள் பத்மாஸனியும் ஏழு வயதில்தான் டைபாயிடில் போனாள். நான்கு வருஷமாகிறது. அந்தப் பேரை வீட்டில் இருவருமே சொல்வதில்லை.

மறுநாள் மிச்சத்தையும் எழுதி முடித்தார். அவர் எழுதியதில் வைத்தியர் வந்தார்; குழந்தை பிழைத்தது.

பத்திரிகை ஆசிரியர் பிலோமின்ராஜ் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அச்சகம் வைத்திருந்தார். அந்தக் கதை இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், புத்தகத்துல வைத்தியர் வரலியே?"

"என் சம்சாரம் படிப்பா, அதான்."

பிலோமின்ராஜுக்கு விஷயம் தெரியும். தாள்களை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்படின்னா இது வேணாம் சார். வேற கதை எடுத்துக்குங்க. ஆனா இதை இப்படிப் போட்டு எழுதினவர் பேரையும் போட்டா நல்லா இருக்காதுங்க. தமிழ் தெரியாத மனுஷன், ஏன்னு வந்து கேக்க மாட்டார்."

சடகோபன் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். காவேரிப் பாலம் தாண்டும்வரை அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது; யார் மேல் என்று தெரியவில்லை.

வேதவதி அடுப்பங்கரையில் தளிகை முடித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்னா, கதையைத் திருப்பிக் கொண்டு வந்துட்டேளே?"

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னார். முடிவை மாற்றியதையும் சேர்த்தே சொன்னார்.

"அவர் எழுதினதைச் சொல்லுங்கோ."

"வேண்டாம், வேதா."

"நான் கேக்கறேன், சொல்லுங்கோ."

புத்தகத்தைப் பிரித்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். பனி வழியை அடைத்துவிடுகிறது. தகப்பன் தனியாகத் திரும்பி வருகிறான். விடிவதற்குள் குழந்தை போய்விடுகிறது. மறுநாள் வீடு நிறைய ஜனம். தாய் எழுந்துபோய், அடுப்பருகே காயப்போட்டிருந்த குழந்தையின் கம்பளிக் காலுறைகளைத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ந்திருக்கின்றன. எடுத்து மடித்து வைக்கிறாள். அதோடு கதை முடிகிறது.

வேதவதி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னிக்கு நானும் கொடியிலேர்ந்து அவ பாவாடையை எடுத்து மடிச்சேன். உங்க தமக்கை பார்த்துட்டா. 'கல்லு மனசுடி ஒனக்கு'ன்னா. காஞ்சு போச்சு, எடுத்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

சடகோபனுக்கு இது தெரியாது. அன்று அவர் வாசலில் ஆண்களோடு நின்றிருந்தார்.

"எழுதினவர் புருஷாளா?"

"ஆமாம்."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சடகோபன் முன்னுரையைப் புரட்டிப் பார்த்தார். எழுத்தாளர் பிறந்த ஊர், பிறந்த வருஷம், அவ்வளவுதான் இருந்தது.

"அவர் எழுதின மாதிரியே போடுங்கோ," என்றாள் வேதவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இலை போட்டாள்.

கதை தை இதழில் வந்தது. துறையூர் வாசகர் ஒருவர், நல்ல மாதத்தில் இப்படி ஒரு சாவுக் கதையா என்று கடிதாசு எழுதினார். சடகோபன் அதை வேதவதியிடம் கொடுத்தார்.

"அவாத்துல குழந்தைகள்லாம் சௌக்கியமா இருக்கும் போலிருக்கு. இருக்கட்டும்," என்றாள்.

அன்று சாயங்காலம் இருவரும் கொள்ளிடக் கரைக்கு நடந்தார்கள். ஒரு முறை பத்மாஸனி இங்கே மணலில் செருப்பைப் புதைத்து வைத்துவிட்டு இடம் தெரியாமல் அழுததை வேதவதிதான் ஆரம்பித்தாள். செருப்பு சிவப்பா, கறுப்பா என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

"கறுப்புதான்," என்றார் சடகோபன்.

"உங்களுக்கு என்ன தெரியும்? பத்மாஸனிக்குக் கறுப்பே பிடிக்காது," என்றாள் வேதவதி.