குடும்ப லைசன்ஸ்

அண்ணன் செல்வினுடைய மகளின் கல்யாணக் கார்டில் சித்தப்பா மக்கள் வரை எல்லார் பேரும் இருந்தது, வேறு சாதிக்காரனைக் கெட்டின தங்கை ஷைஜாவின் பேரைத் தவிர. அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் தன் கணக்கில், அவற்றை இயக்கும் ஓ.எஸ். லைசன்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

கல்யாணத்தன்று துபாய் சொந்தக்காரர்களுக்கு நேரலை தொடங்கும் நேரம் பார்த்து, போனிலிருந்தே அந்த லைசன்ஸ்களை ஒவ்வொன்றாக நீக்கினாள்.

சர்ச்சிலிருந்து அண்ணன் போனில் அலறினான்.

"ஏட்டி, லைசன்ஸ் இல்லன்னு சொல்லி லைவ் போடுற லேப்டாப் நின்னு போச்சு! என்னட்டி செஞ்ச?"

"அது ஒரே குடும்பத்துக்கு உள்ள லைசன்ஸ் அண்ணே," என்றாள் ஷைஜா நிதானமாக. "யாரெல்லாம் குடும்பம்னு நீதான கார்டுல அடிச்சிருக்க?"