காற்றடிக்கும் நேரம்

டார்ச்சை நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன். ஆனால் என் கணவர் டெஸ்ஸின் கண்ணுக்கு எது தெரியவில்லையோ அது என் குற்றம். “அங்க இல்ல கோரல், இங்க. என் கையில அடிக்காத, கைக்குப் பின்னாடி அடி.” கைக்குப் பின்னால் அடிக்க வேண்டுமானால் நான் இன்ஜின் மேல் ஏறி உட்கார வேண்டும். ஒரு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் இதுதான் எங்கள் தாம்பத்தியம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை உட்காரவைக்க வாங்கி வந்த பிராக்கெட் எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை, அதை அறுத்தார். அறுத்ததற்கு இடமில்லை, கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி வேறு மூலையில் வைத்தார். அன்று முதல் அந்தத் தண்ணீர் கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழுவுகிறது.

இத்தனைக்கும் காரணம் பக்கத்து வீட்டு நெவிலின் வாய். இருவரும் பல வருடங்களாக மாதம் ஒருமுறை ஆளுக்கொரு வண்டியில் ரெயின்போ கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள். மணலில் புதையாமல் ஓட்ட டயர் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும். திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி ஏற்ற வேண்டும். இறக்க ஒரு குச்சி போதும். ஏற்றக் கம்ப்ரஸர் வேண்டும். அது நெவிலிடம்தான் இருந்தது, ஒரு பழைய துணிப்பையில். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் பின்கட்டில் கறி சுட்டுக்கொண்டிருந்தபோது நெவில் இடுக்கியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “டெஸ் வண்டி டீசல்ல ஓடுதுன்னா நெனைக்கிறீங்க? என் காத்துல ஓடுதுய்யா!” எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. இந்தச் சிரிப்பின் பலனை நான்தான் அனுபவிக்கப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நெவிலுடையதைப் போல ஒன்று வாங்கியிருக்கலாம். அது எப்படி முடியும்? வண்டிக்குள்ளேயே நிரந்தரமாக உட்காரும் இரட்டைக் கம்ப்ரஸர் வந்தது. நான்கு டயருக்கும் ஒரே சமயத்தில் காற்றேற்றும் நான்கு தலைக் குழாய் வந்தது. ஒயர் எது, ரிலே எது, பாட்டரி ஓரத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்றெல்லாம் டார்ச் பிடித்தே கற்றுக்கொண்டேன். முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது எதிர்வீட்டு நாய், தூண்கள்மேல் நிற்கும் அவர்கள் வீட்டுக்கு அடியில் போய்ப் படுத்ததுதான், சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. டெஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். “நெவிலுக்கு ஒரு டயர் ஆகுற நேரத்துல எனக்கு நாலும் முடிஞ்சிரும் கோரல்!”

நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் வண்டி பிரிந்து கிடந்த நாட்களில் என்னைப் புல்தரையில் பந்துருட்டும் பவுல்ஸ் விளையாடக் கூட்டிப்போனது நெவில்தான். மனைவி பெவர்லி இறந்த பிறகு அவர் தனி ஆள். ஒருநாள் கிளப் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“வீட்ட வித்துட்டேன் கோரல். பெர்த்துக்கு, மக கூடவே போயிடலாம்னு. பெவர்லி போனதுக்கப்புறம் ராத்திரி சமைக்கவே தோண மாட்டேங்குது.”

“டெஸ்கிட்ட சொன்னீங்களா?”

“நீ சொல்லிடாத. நானே சொல்லணும். காத்தடிக்கிறப்ப சொல்லிக்கிறேன்.”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வேறு எங்கே சொல்வார்? போகும்போதும் வரும்போதும் ஆளுக்கொரு வண்டி. மீன் பிடிக்கையில் வாய் திறந்தால் பாவம். வீட்டில் கிரிக்கெட். நெவிலின் சின்னக் கம்ப்ரஸர் ஒவ்வொரு டயராக முக்கி முனகி ஏற்றும் அந்த நேரம்தான் இருவரும் பேசும் நேரம். முகத்தைப் பார்க்க வேண்டாம், காற்றின் அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்தால் போதும். பெவர்லிக்குப் புற்றுநோய் என்று நெவில் சொன்னது பின்பக்க இடது டயரில். எங்கள் மகளின் விவாகரத்தை டெஸ் சொன்னது முன்பக்க வலது டயரில். ஆஸ்திரேலியாவின் மறுகோடிக்கே போகிறேன் என்று சொல்ல நெவிலுக்குக் குறைந்தது நான்கு டயராவது வேண்டும்.

“இந்தத் தடவ மட்டும் நெவிலோட கம்ப்ரஸர்லயே அடிச்சுக்கங்களேன்” என்று டெஸ்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். வண்டியை விற்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். “எதுக்கு?” என்றார். வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன், என்ன சொல்ல?

அந்த மாதம் நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். நாள் முழுக்க இருவருக்கும் சேர்த்து மூன்று மீன்தான், அதிலும் ஒன்று தூண்டிலில் இரையாகக் கோக்கும் அளவு. டெஸ்ஸுக்கு மீனில் கவனமே இல்லை. மணலை விட்டு ஏறி எல்லோரும் காற்றடிக்கும் மைதானத்தில் நிறுத்தியதும், பின்கதவைத் திறந்து புதுக் குழாயை உதறி உதறி எடுத்தார். நெவில் தன் துணிப்பையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

“பையக் கீழ வைய்யா. இனிமே அது வேணாம்” என்றார் டெஸ்.

நெவில் பையைப் பார்த்தார். “ம். வேணாந்தான்” என்றார்.

அந்த ‘ம்’ என்னால் தாங்க முடியவில்லை. டெஸ் குனிந்து கடைசிக் குழாயைச் சொருகுவதற்குள் நான் இன்ஜின் மூடியைத் தூக்கினேன், கம்ப்ரஸர் ஃபியூஸைப் பிடுங்கினேன், ஸ்வெட்டர் பைக்குள் போட்டு மூடியைச் சாத்தினேன். டார்ச்சே தேவைப்படவில்லை.

டெஸ் சுவிட்சைத் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெவில் கேலியாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, குழாய் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். டெஸ்ஸின் காது மடல் சிவந்தது.

மூடியைத் திறந்து உள்ளே குனிந்தார். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஸ்வெட்டர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. என் முகத்தில் என்ன கண்டாரோ, திரும்பி நெவிலைப் பார்த்தார், அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார். மூடியை மெதுவாகச் சாத்தினார்.

“வேலைக்காவாது நெவ். ஒன்னோடத எடு.”

சின்னக் கம்ப்ரஸர் கடகடவென்று முனகத் தொடங்கியது. இருவரும் எங்கள் வண்டியின் பின்பக்க இடது டயரில் ஆரம்பித்தார்கள். நான் தள்ளிப்போய் தெர்மாஸைத் திறந்து தேநீர் ஊற்றினேன், ஆனால் குடிக்கவில்லை. சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது டயரில் நெவிலின் வாய் அசைவது தெரிந்தது. மூன்றாவதில் டெஸ் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு நெவிலின் முகத்தையே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

நான்காவது டயரும் நிரம்பியது. கம்ப்ரஸர் நின்றது. நெவில் குழாயைச் சுருட்ட எழுந்தார்.

“இரு இரு” என்றார் டெஸ். “இதுல ஏதோ சரியில்ல. மறுபடி மொதல்லேருந்து வைப்போம்.”

சாவி நுனியை வால்வில் வைத்து அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே போனது. டயர் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தது. அவர் விரலை எடுக்கவே இல்லை.