பேர் சொன்னால் எரியும் விளக்கு

ஜெயம்மாள் வீட்டு வாசல் விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகிறவர்களுக்கு அந்த வழியை விட்டால் வேறு வழி கிடையாது. போகிற போக்கில் பாஞ்சாலி ஒரு வார்த்தை கேட்காமல் தாண்ட மாட்டாள்.

"இன்னாடி ஜெயம்மா, சூரியன் பத்தலயா ஒனக்கு?"

"ஆமா, ஒன் வூட்டுக்கும் கொஞ்சம் வேணும்னா எடுத்துக்கினு போயேன்" என்று ஜெயம்மாளும் விடமாட்டாள். சிரித்துக்கொண்டே இருவரும் பிரிந்துவிடுவார்கள். விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

அதை அணைப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. ஒரு பேரைச் சொல்லி 'ஆஃப்' என்றால் அணைந்துவிடும். அந்தப் பேர் அவள் புருஷனுடையது என்பதுதான் சங்கடம். கதை சொல்கிற நமக்கென்ன தடை, வீரன் என்று தாராளமாகச் சொல்லலாம். அவள் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறியதில்லை. அவள் வயதுப் பெண்கள் யாரும் அந்த மலையில் புருஷன் பேரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணா" என்று நகர்ந்துகொள்வாள். மகள் பிறந்ததும் 'நிவேதா அப்பா' என்று ஒரு வழி கிடைத்தது. அதற்கு முன்னால் எல்லாம் 'இன்னாங்க'தான்.

வீரன் ஜீப் ஓட்டினவர். நெல்லிவாசல்நாட்டு ஊர்களுக்கு ஆட்களையும் புளி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போவார். அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களும் அவரைத்தான் தேடுவார்கள். புதுசாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. அப்படி வேலூருக்குப் போன இடத்தில் ஒரு பேசும் பெட்டியை வாங்கி வந்தார். 'மித்ரா' என்று கூப்பிட்டால் அது விழித்துக்கொள்ளும். பாட்டுப் போடு என்றால் போடும், மழை வருமா என்றால் பதில் சொல்லும். அதோடு சேர்த்து வாங்கின பல்புகளை, சொன்ன மாத்திரத்தில் போட்டு அணைக்கும். ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பேர் வைக்க வேண்டும். மனுஷர் வாசல் பல்புக்குத் தன் பேரையே வைத்தார்.

"சாயங்காலம் நான் வர்ற நேரத்துக்கு 'மித்ரா, வீரன் ஆன்'னு சொல்லு. வெளக்கு எரியும். கடைசி வளைவுல இருந்து பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும், எம் பொண்டாட்டி எம் பேரச் சொல்லிட்டான்னு."

"இன்னாத்துக்கு இந்த வேல ஒங்களுக்கு? ஊரு சிரிக்கும்."

"ஊருக்கு எப்டித் தெரியும்? நீயும் நானும் இந்தப் பொட்டியுந்தான்."

ஜெயம்மாள் நேராகப் போய்ச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். மறுநாளே அந்தச் சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டார் வீரன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பரணில் கிடந்த லாந்தரைத் துடைத்து, பொழுது சாய்ந்ததும் ஏற்றி வாசலில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் வளைவில் ஜீப் ஹாரன் நீளமாக ஒரு தடவை கேட்டது. வந்து இறங்கும்போதே, வாசல் பக்கம் திரும்பாமலே, "இன்னிக்கும் லாந்தருதானா?" என்றார். அன்றிலிருந்து தினமும் அதே ஹாரன், அதே கேள்வி. அவ்வளவு தூரத்திலிருந்தே லாந்தரைக் கண்டுபிடித்துவிடுகிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் அவரே தன் பேரைச் சொல்லி விளக்கைப் போடுவார். "வீரன் வந்துட்டான் பாரு" என்று சிரிப்பார். இவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சிரிப்பது தெரியக் கூடாதென்று. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு இனிக்கும், கூடவே வலிக்கும்.

போன ஆடியில் வீரன் போய்ச் சேர்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தங்கள் கலைந்த பிறகு, ஒரு மழைநாளில் கரண்ட் போய் வந்தது. கரண்ட் போய் வந்தால் அந்தப் பல்பு தானாக எரியும், அது அதன் குணம். வாசல் திடீரென்று வெளிச்சமானதும் ஜெயம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் அழுதாள். அழுது முடித்த பிறகுதான், இதை எப்படி அணைப்பது என்ற யோசனையே வந்தது. உயிரோடு இருந்தபோது ஆசையாகக் கேட்டும் சொல்லாத பேரை, இப்போது சொல்லி 'ஆஃப்' என்பதா? டேப்பைப் பிரித்துவிட்டுச் சுவிட்சைத் தட்டலாம். அது அவர் கையால் ஒட்டின டேப். அப்படியே விட்டுவிட்டாள். விளக்கும் அல்லும் பகலும் எரிந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் நிவேதா, ஒற்றை ஆளுக்கு மிஞ்சிக் கிடக்கிற முன்வீட்டை வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு விடலாம் என்றாள். ஜெயம்மாள் பின்னாலிருந்த அறைக்கு மாறிக்கொண்டாள். முதல் ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள் என்றபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அவங்க நட்சத்திரம் பாக்க வர்றாங்கம்மா. வாசல்ல வெளக்கு எரிஞ்சா ஒண்ணும் தெரியாது. பிரகாஷ அனுப்புறேன், பொட்டிய அவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுப்பாரு. பொட்டி அப்பா நம்பர்ல கீது பாரு, அதெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்."

அழித்துவிட்டு என்று மகள் சொன்னது சாதாரணமாகத்தான். ஜெயம்மாளுக்கு மட்டும் சுருக்கென்றது.

பிரகாஷ் சாயங்காலம் பைக்கில் வந்து சேர்ந்தான். ஜமுனாமரத்தூரில் கேமரா, வைஃபை எல்லாம் மாட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, அழிக்கிறதுக்கு முன்னாடி பல்பு வேல செய்யுதான்னு பாக்கணுங்க. அதுக்கு இன்னா பேரு வெச்சிருக்கீங்க?" என்றான்.

"அவரு பேருதாம்பா."

"எவரு பேருங்க?"

"நிவேதா அப்பா பேரு."

"அதாங்க்கா, அது இன்னா பேரு?"

ஜெயம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். உதவிக்கு ஒரு ஈ காக்கா இல்லை. "ஊர் எல்லையில கத்தி வெச்சிக்கினு, மீசையோட, குதிர மேல ஒரு சாமி குந்தியிருக்குமே…"

"முனீஸ்வரனா?"

"அதில்லப்பா. மதுர பேரு முன்னாடி வரும்."

"மதுரை வீரனா? வீரனுங்களா?" என்று சிரித்தவன், அவள் தலையசைப்பதற்குள் பெட்டியைப் பார்த்து, "மித்ரா, வீரன் ஆஃப்" என்றான்.

வாசல் இருண்டது. இத்தனை மாதமாக அவள் காத்து வைத்திருந்ததை, வந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒருவன் அணைத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. ஆனாலும் ஜெயம்மாளுக்கு அவர் இன்னொரு தடவை போனது மாதிரி இருந்தது.

"நல்லா வேல செய்யுதுங்க. அழிச்சிட்டு 'வாசல் லைட்'னு வெச்சிர்றேன்" என்று போனை எடுத்தான் பிரகாஷ்.

"இருப்பா" என்றாள் அவள். "ஒரே ஒரு வாட்டி போடு. நான் அந்த வளைவாண்ட போய் நின்னு பாக்கணும். அங்கிருந்து தெரியும்னு அவரு சொல்லுவாரு. ஒரு நாளும் நான் போய்ப் பாத்ததில்ல."

"சரிங்க்கா, போட்டுட்டு போன் பண்றேன்" என்றான் அவன். ஜெயம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். அவர் வருகிற நேரத்தில் அவள் என்றைக்கும் வீட்டில்தான் இருந்திருக்கிறாள், லாந்தர் பக்கத்தில். அவர் நின்று பார்த்த இடத்திலிருந்து தன் வீட்டைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. வளைவுக்கு வந்து திரும்பி நின்றபோது போன் அடித்தது.

"அக்கா, போட்டுட்டேன். தெரியுதுங்களா?"

பலாமரம் தெரிந்தது. அதுதான் தெரிந்தது. வேலியோரத்துப் பலா இலையும் கிளையுமாக வீட்டை மொத்தமாக மறைத்துக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி நகர்ந்து பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சமில்லை. அந்த மரம் நேற்று முளைத்ததா என்ன, அவள் வாழ வந்தபோதே காய்த்துக்கொண்டிருந்த மரம்.

"தெரியலப்பா" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அத்தனை பெரிய பல்பே தெரியாத இடத்திலிருந்து அவருக்கு லாந்தரா தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரியாமலேதான் தினமும் இங்கே ஹாரன் அடித்திருக்கிறார். ஒன்றும் தெரியாமலேதான் 'இன்னிக்கும் லாந்தருதானா' என்று பார்த்த மாதிரியே வந்து இறங்கியிருக்கிறார். இங்கிருந்து அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, வீட்டில் இவள் இருக்கிறாள் என்பதைத் தவிர. என்றைக்காவது ஒரு நாள் பேரைச் சொல்லி விளக்கைப் போட்டிருந்தால், லாந்தரா என்று கேட்டுக்கொண்டே வந்து கையும் களவுமாக மாட்டியிருப்பார். அந்த அசடு வழிகிற முகத்தைப் பார்க்காமலே விட்டோமே என்று அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"இத்தன வருசமா ஏமாத்தினியேய்யா" என்று பலாமரத்தைப் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

திரும்பி வந்தபோது பிரகாஷ் பழையதையெல்லாம் அழித்து முடித்திருந்தான். "புதுசா ஏத்திட்டேங்க்கா. பேரு மட்டும் பாக்கி. 'வாசல் லைட்' போட்டுர்லாங்களா?"

"வேணாம்."

"அப்ப இன்னா பேரு வெக்கிறது?"

ஜெயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீரன்" என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியம். அவ்வளவு லேசாகவா இருந்தது அந்தப் பேர்?

"ஆனா ஒண்ணுப்பா. வர்றவங்க யாரும் அந்தப் பேரச் சொல்லி ஆஃப்னு சொல்லக் கூடாது."

பிரகாஷ் கொஞ்சம் யோசித்தான். "அணைக்கிறதுக்கு வேற வார்த்த வெக்கலாங்க. அவங்க நட்சத்திரம் பாக்கத்தான வர்றாங்க? 'நட்சத்திரம்'னு சொன்னா வெளக்கு அணையற மாதிரி வெச்சிர்றேன்."

"அது நல்லாக்கீது."

வேலை முடிந்ததும் அவன் ஒருமுறை 'நட்சத்திரம்' என்றான். வாசல் இருண்டு, கூரைக்கு மேலே வானம் கிட்டத்தில் வந்தது. "போடறதுக்கு நீங்களே சொல்லிப் பாருங்க. நாளைக்கு அவங்களுக்கு நீங்கதான சொல்லித் தரணும்" என்று பையை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். ஜெயம்மாள் தேங்காய்த் துண்டும் வெல்லமும் கொடுத்து அனுப்பினாள்.

பைக் சத்தம் தேய்ந்தது. அவள் முன்வீட்டுக்குள் போனாள். பெட்டிக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மித்ரா. வீரன் ஆன்."

வாசல் பளிச்சென்றது.

அந்த நேரம் பார்த்து, மலையில் எல்லா வண்டிக்காரர்களும் செய்கிற மாதிரி, பிரகாஷ் வளைவில் நீளமாக ஒரு ஹாரன் அடித்துத் திரும்பினான். ஜெயம்மாள் நடுவாசலுக்கு ஓடி வந்து, வெளிச்சத்தில் நின்று, பலாமரத்துப் பக்கம் சத்தமாகவே சொன்னாள்:

"இன்னிக்கு லாந்தரு இல்லங்க!"